தறிக்குழி இருந்த இடம்

போன மாதம் வீட்டு முன்கூடத்துக்கு டைல்ஸ் ஒட்ட ஆட்கள் வந்திருந்தார்கள். கொத்தனார் கரண்டிக் காம்பால் தரையைத் தட்டிக்கொண்டே வந்தவர், ஜன்னல் ஓரத்தில் நின்றுவிட்டார். அந்த இடத்தில் மட்டும் சத்தம் வேறாகக் கேட்டது.

"இங்க என்னங்க இருந்துச்சு? கீழ பொள்ளலா இருக்கற மாதிரி கேக்குது."

"குழிப்பா, தறிக்குழி" என்றார் அம்மா, சமையற்கட்டிலிருந்தே. "மூடி இருவது வருசத்துக்கு மேல ஆச்சு."

கைத்தறி நெய்கிறவர் காலை இறக்கி உட்கார்கிற குழி அது. மூடும்போது கையில் கிடைத்த செங்கல் துண்டு, சாம்பல், மண் எல்லாவற்றையும் கொட்டி மேலே சிமெண்ட் பூசியிருந்தோம். உள்ளே அது இறங்கிப் போயிருந்தது. அப்படியே டைல்ஸ் ஒட்டினால் ஆறே மாதத்தில் விரிசல் விடும், தோண்டி எடுத்துவிட்டு ஜல்லி போட்டுத் திமிசு அடிக்க வேண்டும் என்றார் கொத்தனார். சரி என்றோம். அன்று மத்தியானம் முழுக்க எங்கள் கூடத்தில் தறிக்குழி மறுபடி திறந்து கிடந்தது. இரண்டரை அடி ஆழம். தோண்டிய மண்ணில், குறுக்கு நூல் சுற்றி வைக்கும் தார்க்குச்சிகள் இரண்டு வந்தன. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியில் பட்டிமன்றம் வைத்தார்கள். தலைப்பு உங்களுக்கே தெரிந்திருக்கும், 'அறிவியல் வளர்ச்சி ஆக்கத்துக்கா, அழிவுக்கா'. தமிழ்நாட்டில் அந்தத் தலைப்பில் பேசாத பள்ளிக்கூடம் இருக்காது. நான் ஆக்கம் அணி. பெரியம்மை ஒழிந்தது, ராக்கெட் பறந்தது என்று அடுக்கிப் பேசி ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கினேன். எதிரணி அணுகுண்டைச் சொன்னார்கள். இரண்டு அணியிலும் ஒருத்தரும் சேலத்தில் எங்கள் அம்மாப்பேட்டைத் தெருவைப் பற்றிப் பேசவில்லை. பேசிய பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் தறிக்காரர் வீடுதான். அந்த வருடங்களில்தான் தெருவில் குழித்தறி ஒவ்வொன்றாக நின்று, மின்சாரத்தில் ஓடும் பவர்லூம் தறிகளின் சத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பேசியிருக்க வேண்டியதை இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குழித்தறியை நினைத்து ஏங்குகிறவள் இல்லை நான். கைத்தறி என்றால் இப்போது அழகான புகைப்படம் போடுகிறார்கள், ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பாட்டி, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை வீசுகிற மாதிரி. அந்தப் படத்தில் முழங்கால் வலி தெரியாது. விடிகாலை நாலரைக்குக் குழியில் கால் இறக்கினால் அப்பா எழுந்திருக்க மத்தியானம் ஆகும். ஐப்பசி மழையில் குழியில் தண்ணீர் ஊறும். சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றுவோம், மறுநாளும் ஊறும். அந்த மாதம் தறி ஓடாது, ஓடாத மாதம் கூலி கிடையாது. தெருக்கோடியில் இருந்த பாவடியில் பாவு, அதாவது துணியின் நீள இழைகளை, விரித்து நீட்டி, கஞ்சி போட்டுக் காயவைக்க வேண்டும். மழை பிடித்தால் அதுவும் முடியாது. நானும் தங்கையும் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் ராட்டையில் தார் சுற்றி வைக்க வேண்டும். பரீட்சை நாளிலும் சுற்றினோம். பக்கத்து வீட்டு அண்ணன் சேலைக் கரைக்கு நூல் கோக்க உட்கார்ந்தவர், ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார். ஒரு சேலைக்கு நாலு நாள் ஆகும். நாலு நாளும் நாலு பேர் உழைப்பு, கூலி மட்டும் ஒருத்தருக்கு.

ஆகவே 1996-ல் அப்பா குழியை விட்டு எழுந்து பவர்லூம் கொட்டகைக்குப் போனதை இன்றுவரை நான் குறை சொன்னதில்லை. நான்கு தறிகளை ஒரே ஆளாகப் பார்த்துக்கொள்ளும் வேலை. வாரச் சம்பளம் தவறாது. மழை பெய்தாலும் சம்பளம் வரும். எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியது அந்த இரைச்சல்தான். இன்று மென்பொருள் வேலை பார்க்கிறேன், வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே பார்க்கிறேன். பெங்களூரில் ஒண்டிக் கிடக்காமல் அம்மா அப்பா பக்கத்தில் இருக்க முடிகிறது. கணக்குப் போட்டால் எங்கள் குடும்பம் இயந்திரத்தால் மேலே வந்த குடும்பம்தான்.

அம்மா மட்டும் குழித்தறியை 2003 வரை விடவில்லை. அப்புறம் அதையும் மூடினோம்.

இந்தியா முழுக்க இதுதான் நடந்திருக்கிறது. 2009-10-ல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவாளர்களும் சார்பு வேலை செய்பவர்களும் சேர்த்து 43 லட்சம் பேர். பத்து வருடம் கழித்து எடுத்ததில் 35 லட்சம். அதில் பெரும்பான்மை பெண்கள். கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டிய ரகங்கள் என்று 1985-லேயே சட்டம் போட்டார்கள். முதலில் 22 ரகம் இருந்தது, பிறகு 11 ஆகச் சுருங்கியது. அந்தப் பதினொன்றையும் பவர்லூமில் ஓட்டிக் கைத்தறி என்று விற்கிறார்கள் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

சரி, அப்பாவின் காதுக்கு வருகிறேன்.

பவர்லூம் கொட்டகைக்குள் போய்ப் பார்க்காதவர்களுக்கு அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பக்கத்தில் நிற்பவர் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. ஒவ்வொரு தறியிலும் நாடா நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அறைபடும். அந்த மாதிரி எட்டு தறி, பத்து தறி, தகரக் கூரைக்குக் கீழே. உள்ளே வேலை செய்பவர்கள் கையாலும் உதட்டசைவாலும்தான் பேசிக்கொள்வார்கள். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் உச்ச வரம்பு என்று அப்போதைய தொழிற்சாலை விதி சொன்னது. ஆனால் மின்சாரத்தில் ஓடும் இடமாக இருந்தால் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அப்போது பொருந்தியது. அப்பா வேலை பார்த்த கொட்டகையில் மூன்று பேர். அந்த மூன்று பேர் காதுகளையும் அளந்து பார்க்க யாரும் வரவில்லை.

முதலில் டி.வி. சத்தத்தைக் கூட்டினார். அப்புறம் போனில் பேசுவதைத் தவிர்த்தார். கல்யாண வீடுகளில் ஒதுங்கி உட்கார ஆரம்பித்தார். அப்பா அமைதியான மனுஷர் என்று நாங்கள் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தோம். என் மகள் அவர் மடியில் உட்கார்ந்து கதை சொல்லச் சொல்லிக் கேட்டபோதுதான், அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன்.

காதில் வைக்கிற பஞ்சு அடைப்பான் சில ரூபாய்தான். அது ஒன்றும் நேற்று வந்த கண்டுபிடிப்பு இல்லை. அப்பா கொட்டகைக்குப் போன 1996-லும் கடையில் கிடைத்தது. பவர்லூம் எங்கள் தெருவுக்குத் தானாக வந்தது. யாரும் ஊர்வலம் போகவில்லை, மனு கொடுக்கவில்லை. அதில் லாபம் இருந்தது, வந்துவிட்டது. காதடைப்பானில் யாருக்கும் லாபம் இல்லை, வரவில்லை. இரண்டுமே தொழில்நுட்பம்தான். எனக்குத் தெரிந்தவரை எங்கள் ஊர்க் கதை மொத்தமும் இதற்குள் அடங்கிவிடும்.

திருமணிமுத்தாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் ஊருக்குள் நுழைந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் போய்ச் சேரும் ஆறு. பாட்டி அதில் குளித்திருக்கிறார். எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் அதில் சாக்கடையும் சாயமும் ஓடின. சாயப்பட்டறையில் அன்றைக்கு என்ன கலர் போட்டார்களோ அந்தக் கலர் பாலத்துக்கு அடியில் தெரியும். சாயம் போடும் வேதிப்பொருள் எங்களுக்கு வந்து பல தலைமுறை ஆகிவிட்டது. சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்யும் கருவியும் உலகத்தில் இருக்கிறது. திருப்பூரில் அது எப்படிப் பரவலாக வந்தது? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நொய்யல் ஆற்றங்கரைச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு. நொய்யல் பாசன விவசாயிகள் வருடக்கணக்காக வழக்கு நடத்தி வாங்கிய கருவி அது. சாயம் தானாக வந்தது, சுத்திகரிப்பைச் சண்டை போட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது.

பெரியப்பாவைப் பற்றி நினைக்கும்போது மனசு கொஞ்சம் ஆறுதல் அடையும். அவர் ஜக்கார்டுக்கு, அதாவது தறியில் பூவேலை போடும் கருவிக்கு, டிசைன் அட்டை குத்துபவர். கட்டம் போட்ட தாளில் கலர் பென்சிலால் மாங்காய், மயில் எல்லாம் வரைவார். அப்புறம் ஒவ்வொரு வரிசையையும் பார்த்துப் பார்த்து அட்டையில் ஓட்டை போடுவார். ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும், அந்த இழை தூக்கும். ஓட்டை இல்லாவிட்டால் இழை கிடக்கும். ஒரு முந்தானைக்கு நூற்றுக்கணக்கான அட்டை. வரிசை மாறாமல் நூலால் கோத்துக் கட்டி வைத்திருப்பார், எங்களைத் தொட விடமாட்டார்.

கல்லூரியில் கணினி வரலாறு நடத்தும்போது அவருடைய அட்டை புத்தகத்தில் வந்தது. பிரான்சில் ஜக்கார்டு என்பவர் 1804-ல் இந்த முறைக்கு உரிமம் வாங்கினார். இங்கிலாந்தில் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு இதே ஓட்டை அட்டையைத்தான் யோசித்தார். ஏறத்தாழ 24,000 அட்டைகள் கொண்டு பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றை வைத்திருந்தாராம். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹாலரித் ஓட்டை அட்டையில் எண்ணி முடித்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் பின்னால் ஐ.பி.எம். ஆன நிறுவனம். அன்று சாயங்காலம் ஊருக்கு வந்ததும் பெரியப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அட, அப்ப நாம பண்றது கம்ப்யூட்டர் வேலைதானா" என்று அத்தனை சந்தோஷப்பட்டார்.

அடுத்த சில வருடத்தில் கம்ப்யூட்டரே அவர் வேலைக்கு வந்துவிட்டது. அவர் இரண்டு மாதம் உட்கார்ந்து செய்வதை அது இரண்டு நாளில் முடித்தது. பெரியப்பாவுக்கு அப்போது வயது 48. அவரை வைத்திருந்த முதலாளி நல்ல காரியம் ஒன்று செய்தார். கம்ப்யூட்டர் தெரிந்த பையன் பக்கத்தில் பெரியப்பாவை உட்காரவைத்தார். திரையில் அழகாக இருக்கும் மயில் துணியில் ஏறினால் ஏன் கழுத்து நசுங்குகிறது, எந்த இடத்தில் இழை நீளமாக மிதந்து மோதிரத்தில் மாட்டும் என்பதெல்லாம் அந்தப் பையனுக்குத் தெரியாது, பெரியப்பாவுக்குத் தெரியும். இன்னும் பத்து வருடம் கௌரவமாக வேலை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். அப்பா போன கொட்டகையிலும் பெரியப்பாவுக்குக் கிடைத்த மாதிரி ஒரு முதலாளி இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

தெலங்கானாவின் மல்லேசம் கதையும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. போச்சம்பள்ளிச் சேலைக்கு நூலை முளைகளில் சுற்றுகிற 'ஆசு' வேலையில் அவருடைய அம்மா ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை கையை வீசி நூல் சுற்ற வேண்டியிருந்தது. தோள் போய்விட்டது. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்ட மகன், வருடக்கணக்காகக் கடன் வாங்கி, உடைத்து, திருப்பிக் கட்டி 1999-ல் அதற்கு ஒரு இயந்திரம் செய்து முடித்தார். அம்மா பெயரையே அதற்கு வைத்தார். 2017-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த இயந்திரம் யார் வலியிலிருந்து பிறந்தது என்று பாருங்கள். தறியை அது பிடுங்கவில்லை, தோளை மட்டும் காப்பாற்றியது.

எங்கள் அம்மாவின் தேய்மானம் விரலில்.

பழைய பாவு தீர்ந்ததும் புதுப் பாவை அதோடு பிணைக்க வேண்டும். ஒரு சேலைப் பாவில் நாலாயிரத்துக்கு மேல் இழை இருக்கும். ஒவ்வொரு பழைய இழையோடும் ஒவ்வொரு புது இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்டு, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு முறுக்கு. அம்மா எங்கள் தெருவில் பிணைப்பதில் பேர் வாங்கியவர். தறியை மூடிய பிறகும் அடுத்தவர் வீடுகளுக்குப் போய்ப் பிணைத்துக் கொடுத்தார். முப்பது வருடம்.

2020 கடைசியில் ரேஷனுக்குக் கைரேகை கட்டாயம் என்றார்கள். அம்மா வரிசையில் நின்று விரலை வைத்தார். சிவப்பு விளக்கு. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார். மறுபடி சிவப்பு. வலது கை, இடது கை, எல்லா விரலும் வைத்தாகிவிட்டது. "வெந்நீர்ல கழுவிட்டு நாளைக்கு வாங்கம்மா" என்றார் கடைக்காரர். மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. அந்தக் கடைக்காரருக்கு அம்மாவைப் பல வருடமாகத் தெரியும். பேர் சொல்லி நலம் விசாரிப்பார். ஆனால் அரிசி போட அவரால் முடியவில்லை. மூன்றாம் நாள் காலிப் பையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்து தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார் அம்மா. "நான்தான்னு இதுக்குத் தெரியலையே கண்ணு" என்றார். திட்டவில்லை, புலம்பவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதே கருவியால் நன்மையும் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். முன்பெல்லாம் வாங்காத சர்க்கரையை வாங்கியதாக எழுதிக்கொள்வார்கள், கேட்டால் சண்டை. இப்போது பொருள் வாங்கினால் போனுக்குச் செய்தி வருகிறது. அந்தத் திருட்டு குறைந்தது. ரேகை விழாதவர்களுக்கு வேறு வழி வேண்டும் என்பதைத்தான் மறந்துவிட்டார்கள். முடியாதவர்கள் தங்களுக்குப் பதில் வேறொருவரை எழுதிக்கொடுத்து வாங்கலாம் என்று விதி இருந்திருக்கிறது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நான்தான் தேடிக் கண்டுபிடித்தேன். பிற்பாடு எங்கள் கடைக்குக் கருவிழி பார்க்கும் கருவியும் வந்தது. கண்ணைத் திறந்து காட்டினால் போதும் என்று அம்மாவுக்கு நிம்மதி. அதை முதல் நாளே கொடுத்திருந்தால் அந்த மூன்று நாள் இல்லை.

தங்கை சேலத்துக்குப் பக்கத்தில் இளம்பிள்ளையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். வாட்ஸ்அப்பில் சேலை விற்கிறாள். முன்னால் கடைக்காரர் சொன்னதுதான் விலை. இப்போது கட்டிலில் சேலையை விரித்து வீடியோ எடுத்துப் போடுகிறாள். திருநெல்வேலியிலிருந்து ஆர்டர் வருகிறது, பணம் உடனே போனில் விழுகிறது, சாயங்காலம் கூரியர். தன் கணக்கில் தன் பணம் இருப்பது அவளுக்குப் பெரிய விஷயம். எங்கள் அம்மாவுக்கு ஐம்பது வயதுவரை வங்கிக் கணக்கே கிடையாது. ஆனால் இராத்திரி பதினொரு மணிக்கும் போன் அடிக்கிறது, கலர் மாறிவிட்டது என்று திருப்பி அனுப்புகிறார்கள், பத்து ரூபாய் குறைத்து இன்னொருத்தி போடுகிறாள். அவள் தூக்கம் குறைந்திருக்கிறது. இருந்தாலும் பழையபடி இருக்கிறாயா என்று கேட்டால் மாட்டேன் என்றுதான் சொல்வாள்.

ஏற்காட்டில் மாரமங்கலம் பக்கம் என்னோடு படித்த தோழி ஒருத்தி இருக்கிறாள். 2020-ல் ஆன்லைன் வகுப்புக்காக அவள் பிள்ளைகள் தினமும் பாறை மேல் ஏறி உட்கார்ந்தார்கள், சிக்னல் அங்கேதான் கிடைக்கும். கீழே சேலத்தில் என் மகள் ஃபேன் காற்றில் படித்தாள். அதே தோழிதான் 2008-ல் வந்த 108 ஆம்புலன்ஸைப் பற்றிச் சொல்லும்போது கண் கலங்குவாள். அவளுடைய அம்மா காலத்தில் பிரசவ வலி எடுத்தால் தூளி கட்டித்தான் இறக்குவார்களாம். ஆம்புலன்ஸ் லாபத்துக்காக வரவில்லை, அரசாங்கம் செலவு செய்தது, வந்தது. அப்படியும் வரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது என் மேசைக்கும் ஒரு இயந்திரம் வந்திருக்கிறது. நான் அரை நாள் எழுதும் நிரலைச் செயற்கை நுண்ணறிவு சில நிமிடத்தில் எழுதிக் காட்டுகிறது. பயமாக இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்கிறோம். எனக்கு இயந்திரத்திடம் பயம் இல்லை. மிச்சமாகும் அந்த அரை நாளை யார் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்பதில்தான் கவலை. எனக்குப் பெரியப்பாவுக்குக் கிடைத்த நாற்காலி கிடைக்குமா, அப்பாவுக்குக் கிடைத்த கொட்டகை கிடைக்குமா? கூட்டத்தில் இதை வாய்விட்டுக் கேட்டேன். பட்டிமன்றத்தில் கேட்காததை இந்த வயதில் கேட்டுவிட்டேன்.

அப்பாவுக்கு 2022-ல் காது கருவி வாங்கினோம். பாதிப் பணம் தங்கையின் சேலைப் பணம். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, உள்ளே சின்னக் கம்ப்யூட்டரே இருக்கிறது என்றார் பொருத்தியவர். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த அப்பா, தலையைத் திருப்பி, "பாப்பா, பின்கட்டுல குழாய் சொட்டுது" என்றார். போய்ப் பார்த்தேன், சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

சாயங்காலம் நடக்கப் போகும்போது அவர் வேலை பார்த்த கொட்டகையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த முனை வந்ததும் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். உள்ளே இப்போது இரண்டு பையன்கள் வேலை செய்கிறார்கள், காதில் ஒன்றும் கிடையாது. தறிக்குழியை ஜல்லி போட்டு மூடிய அன்று நான் ஒரு பெட்டி காதடைப்பான் வாங்கிக்கொண்டு அப்பாவோடு போனேன். ஒரு பையன் உடனே வாங்கி மாட்டிக்கொண்டான். இன்னொருவன், இழை அறுந்தால் சத்தத்தில்தான் தெரியும், இதை வைத்தால் கேட்காது என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அப்பா அவனைத் தறிக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், பாவின் எந்த இடத்தில் கண்ணை வைத்துக்கொண்டால் அறுந்த இழை தெரியும் என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. கையாலேயே பேசிக்கொண்டார்கள்.

இப்போது வாரம் ஒரு தடவை அப்பாவே கொட்டகைக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார். வந்ததும் என்னிடம் சொல்கிறார், இன்றைக்கு இரண்டு பேரும் மாட்டியிருந்தார்கள், இன்றைக்கு ஒருத்தன்தான்.